மார்க்கும் மறுவிலையும்
பழைய டிராக்டர் வாங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை

(தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் பழைய டிராக்டர். இதைப் பற்றி ஓர் உரை தேவைதானா என்று சிலர் எண்ணக்கூடும். தேவைதான். 55 வயது நிறைந்தவுடன் ஊழியர் சேமநிதியிலிருந்து கைக்கு வரும் தொகை, ஒரு தொழிலாளி தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை காணும் பெருந்தொகையாகும். அதன் ஒரு பகுதியைக் கொண்டு ஒரு பழைய டிராக்டரும் டிரெய்லரும் வாங்கி, செம்பனைக் குலை ஏற்றும் குத்தகை வேலை எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுகூடிப் பணம் போட்டு வாங்குவதும் உண்டு. நல்ல முயற்சிதான். ஆனால், வண்டி பழுதாகிப் பட்டறையில் நின்றுவிட்டால் அங்கே நிற்பது இரும்பு மட்டுமன்று. முப்பது ஆண்டு உழைப்பும் அதனுடன் சேர்ந்து நிற்கும்.

வாங்க முனைவோர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மார்க்கு நல்ல மார்க்கு?" என்பதே. உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். சிவப்பு மேஸி பெர்குசனை விட்டால் வேறு வண்டி இல்லை என்பார் ஒருவர். நீல ஃபோர்டுக்கு ஈடு உண்டா என்பார் மற்றொருவர். செம்மஞ்சள் குபோட்டாவை ஓட்டிப் பழகிய இளைஞர் இருவரையும் பார்த்துச் சிரிப்பார். இவ்வாறு ஒரு மார்க்கின் மீது வைக்கும் பற்று வெறும் பிடிவாதமா? அல்லது அதில் அறிவும் கலந்திருக்கிறதா? இதனையே நாம் இன்று ஆராய்வோம்.

முதலில் பற்று எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். அயர்லாந்தில் 1884-ல் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர், கலப்பையை டிராக்டருடன் மூன்று புள்ளிகளில் இணைத்து, ஹைட்ராலிக் விசையால் உயர்த்தவும் தாழ்த்தவும் வழிசெய்தார். அதற்கு முன்பு கலப்பை, மாட்டின் பின்னே வருவதுபோல் டிராக்டரின் பின்னே இழுபட்டு வந்தது. பெர்குசனின் அமைப்பு இரண்டையும் ஒரே உடலாக்கியது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பெற்ற அவருடைய சாம்பல் நிற டிஇ 20 டிராக்டர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவருடைய நிறுவனம் 1953-ல் மேஸி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. 1958-ல் மேஸி பெர்குசன் என்னும் பெயர் பெற்றது. 1964-ல் வெளிவந்த 135 என்னும் வகை, டீசலில் ஓடும் மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சினுடன் பல நாடுகளுக்குச் சென்றது. அதே 1964-ல் ஃபோர்டு நிறுவனமும் இங்கிலாந்தின் பேசில்டன் நகரில் புதிய தொழிற்சாலை திறந்தது. அக்காலத்து ஃபோர்டு 5000 வகையும் நாடு கடந்து பெயர் பெற்றது.

இவ்வண்டிகள் ஏராளமாக விற்பனையாயின. அதனால் இவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் பெருகினர். பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் பெருகினர். உதிரிப் பாகம் விற்கும் கடைகளும் பெருகின. தந்தை ஓட்டிய வண்டியையே மகனும் ஓட்டினார். எஞ்சினின் ஓசையைக் கேட்ட மாத்திரத்தில் நோய் இன்னதென்று சொல்லும் மெக்கானிக் உருவானார். ஆகவே மார்க்குப் பற்று என்பது வண்ணத்தின் மீது கொண்ட மயக்கம் மட்டுமன்று. அந்த வண்டியைச் சுற்றி வளர்ந்துள்ள கைத்திறன், கடை, அனுபவம் ஆகிய அனைத்தின் மீதும் வைத்த நம்பிக்கையே அது.

மறுவிலை பிறப்பதும் இவ்விடத்தில்தான். மறுவிலை என்றால் என்ன? நாம் வாங்கிப் பயன்படுத்திய பொருளை நாளை விற்கும்போது கிடைக்கும் விலை. அதற்கு மூன்று கால்கள் உண்டு. முதலாவது, உதிரிப் பாகம் அருகிலுள்ள பட்டணத்தில் கிடைக்க வேண்டும். இரண்டாவது, அதைப் பழுதுபார்க்கும் கை ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். மூன்றாவது, அந்த வண்டியை விரும்பி வாங்குவோர் பலர் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று ஒடிந்தாலும் விலை சாய்ந்துவிடும். வண்டி எவ்வளவு உழைக்கும் வண்டியாக இருந்தாலும், கேட்பார் இல்லையென்றால் அது இரும்பு விலைக்குத்தான் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொள்ளும் எண்களே. சந்தை விலை அல்ல. பெயர் பெற்ற மார்க்கு வண்டி ஒன்றை 30,000 ரிங்கிட்டுக்கு வாங்கி, ஐந்து ஆண்டுகள் ஓட்டி, 20,000 ரிங்கிட்டுக்கு விற்றால், தேய்மானம் 10,000 ரிங்கிட். பலரும் அறியாத மார்க்கு ஒன்றை 20,000 ரிங்கிட்டுக்கு வாங்கி, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 6,000 ரிங்கிட்டுக்குத்தான் விற்க முடிந்தது என்றால், தேய்மானம் 14,000 ரிங்கிட். வாங்கும்போது மலிவாகத் தோன்றிய வண்டி, விற்கும்போது 4,000 ரிங்கிட் கூடுதலாகத் தின்றுவிட்டது.

ஆனால் கணக்கை இத்துடன் மூடிவிடக் கூடாது. பெயர் பெற்ற வண்டிக்காக நாம் கூடுதலாகக் கொடுத்த 10,000 ரிங்கிட் கடன் வாங்கிய பணமாயின், ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து என்னும் நிலையான வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு 2,500 ரிங்கிட் வட்டியாகப் போகும். அப்பொழுது பெயரால் கிடைத்த இலாபம் 1,500 ரிங்கிட்தான். மேலும், விற்பவர் "இது பெயர் பெற்ற மார்க்கு" என்று சொல்லியே 30,000 பெறும் வண்டிக்கு 38,000 கேட்டு, நாமும் கொடுத்துவிட்டால், அதை 20,000-க்கு விற்கும்போது தேய்மானம் 18,000 ஆகிவிடும். பெயர் தரும் இலாபத்தை, பெயருக்கு மிகையாகக் கொடுத்த விலையே விழுங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சிலர் வாங்கிய வண்டியை விற்க எண்ணுவதே இல்லை. ஓடும் வரை ஓட்டி, இறுதியில் பழைய இரும்பாகக் கழித்துவிடுவர். அத்தகையோர் மறுவிலைக்காக மிகுந்த பணம் கொடுப்பதில் பொருளில்லை. உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் கையும் அருகில் இருந்தால், பெயர் குறைந்த வண்டியே அவர்களுக்குப் போதும். எனவே "எது நல்ல மார்க்கு?" என்று கேட்பதற்கு முன், "இதை நாம் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறோம்? பிறகு இதை யார் வாங்குவார்?" என்று கேட்டுக்கொள்வதே முறை.

இனி, மார்க்குப் பற்று நம்மை எவ்விடத்தில் ஏமாற்றும் என்பதைக் காண்போம். அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். ஹென்றி ஃபோர்டின் மோட்டார் வண்டிகள் புகழ் பெற்றிருந்த காலம் அது. மினியாபொலிஸ் நகரில் சிலர் ஒரு டிராக்டர் நிறுவனம் தொடங்கினர். ஃபோர்டு என்னும் குடும்பப் பெயர் கொண்ட வேறொருவரைத் தங்களுடன் சேர்த்துக்கொண்டு, தங்கள் டிராக்டருக்கு "ஃபோர்டு" என்றே பெயரிட்டனர். ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவர் தம் சொந்த டிராக்டரை 1917-ல் "ஃபோர்ட்சன்" என்னும் பெயரில் வெளியிட்டார். நெப்ராஸ்கா மாநிலத்து உழவரான வில்மட் குரோசியர், மினியாபொலிஸ் வண்டியை வாங்கி அல்லலுற்றார். பின்னர் அவர் சட்டமன்ற உறுப்பினரானார். 1919-ல் நெப்ராஸ்காவில் ஒரு சட்டம் நிறைவேற அவர் காரணமாக இருந்தார். அங்கு விற்கப்படும் ஒவ்வொரு டிராக்டர் வகையும் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்றது அச்சட்டம். அத்துடன், விற்கும் நிறுவனம் உதிரிப் பாகங்களை மாநிலத்துக்குள்ளேயே இருப்பு வைத்திருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. 1920-ல் சோதனைகள் தொடங்கின.

அந்த உழவர் கண்ட பாடம் என்ன? பெயரைக் கேட்டு வாங்காதே, சோதித்து வாங்கு, உதிரிப் பாகம் உண்டா என்று பார்த்து வாங்கு. நூறு ஆண்டுகள் கடந்தும் இப்பாடத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

பெயர்கள் கை மாறுவதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் உலகெங்கும் கொடிகட்டிப் பறந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் வேளாண் கருவிப் பிரிவு, 1985-ல் கேஸ் டிராக்டர்களின் உரிமையாளரான டென்னெக்கோ நிறுவனத்திடம் சென்றது. ஃபோர்டு நிறுவனம் 1986-ல் நியூ ஹாலண்டை வாங்கியது. 1991-ல் அந்தத் தொழிலின் பெரும்பங்கு இத்தாலியின் ஃபியட் நிறுவனத்திடம் போயிற்று. 1999-ல் கேஸும் நியூ ஹாலண்டும் ஒரே நிறுவனமாயின. சிவப்பு இன்டர்நேஷனலா, நீல ஃபோர்டா என்று இருவர் தோள் தட்டி வழக்காடிக்கொண்டிருக்க, இரண்டின் வாரிசுகளும் ஒரே கூரையின்கீழ் குடியேறிவிட்டன! மேஸி பெர்குசன் 1994-ல் ஆக்கோ நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதன் கவென்ட்ரி தொழிற்சாலை 2002 இறுதியில் டிராக்டர் செய்வதை நிறுத்தியது. பிரான்சு நாட்டின் போவே நகரிலும், நம் உறவினர் வாழும் சென்னையில் 1960-ல் தோன்றிய டேஃபே நிறுவனத்திலும் அதே பெயரில் டிராக்டர்கள் செய்யப்பெற்றன. ஆகவே "மேஸி" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வகை, எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்பதையும் கேட்க வேண்டும். அவ்விவரங்களைக் கண்டறிய உதவும் வகை எண்ணும் வரிசை எண்ணும் வண்டியில் பொருத்தப்பட்ட தகட்டில் இருக்கும். அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உதிரிப் பாகக் கடைக்குச் செல்லுங்கள். கிளட்ச் தட்டு, தண்ணீர்ப் பம்பு, டீசல் பம்பின் உறுப்புகள் ஆகியவை கிடைக்குமா, என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். கடைக்காரரின் விடைதான் அவ்வண்டியின் உண்மையான மார்க்கு.

அடுத்து, வண்டியைச் சோதிக்கும் முறை. நம் முன்னோர் மாடு வாங்கச் சந்தைக்குச் சென்றபோது சுழியையும் பார்த்தனர். பல்லையும் பிடித்துப் பார்த்தனர். சுழி நம்பிக்கையைச் சேர்ந்தது. பல்லோ வயதைக் காட்டிக் கொடுப்பது. டிராக்டரின் வண்ணமும் பெயரும் சுழி போன்றவை. பல்லைப் பார்ப்பது எவ்வாறு?

டிராக்டரின் உழைப்பை மைல் கணக்கில் அளப்பதில்லை. மணிக் கணக்கில் அளக்கின்றனர். ஆயினும் மணி காட்டும் கருவி நின்றுபோயிருக்கலாம், மாற்றப்பட்டும் இருக்கலாம். கால்மிதியின் தேய்வும், இருக்கையின் நிலையும், ஸ்டீயரிங்கின் ஆட்டமும் பொய் சொல்வதில்லை. குலை வண்டி இழுத்த டிராக்டரில், டிரெய்லரைப் பூட்டும் இழுவைக் கம்பியின் துளையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், அவ்வண்டி பாரம் இழுத்தே காலம் கழித்தது என்பது விளங்கும். அத்தகைய வண்டியில் கிளட்சையும் பிரேக்கையும் முதலில் சோதிக்க வேண்டும்.

வண்டி எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கெடா மாநிலத்தின் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970-ல் இருபோக நெல் விளைச்சல் தொடங்கிய பின், வயல்களில் டிராக்டரின் வேலை பெருகியது. சேற்றில் உழைத்த வண்டியின் அச்சுக்குள்ளும் கியர்ப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகுந்திருக்கலாம். எண்ணெய் பால் கலந்த காப்பி போல் வெளுத்திருந்தால் அதுவே அடையாளம்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நாம் வருவதற்கு முன்பே விற்பவர் அதை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்பாது என்பதை மறைக்கிறாரோ என்று ஐயுறலாம். எஞ்சின் மூடியின் அருகே கையை வைத்துப் பார்த்தால் வெப்பம் தெரிந்துவிடும். ஓடத் தொடங்கியபின் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால், டீசல் முழுதாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. கரும்புகை மிகுந்தால், காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம் அல்லது டீசல் அளவுக்கு மிஞ்சிப் பாயலாம். எஞ்சின் ஓடும்போதே ஹைட்ராலிக் தூக்கியில் ஒரு பாரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். துள்ளாமலும் இறங்காமலும் நின்றால் நன்று. பாரத்தின்கீழ் எவரும் நிற்க வேண்டாம்.

புதுச்சாயம் கண்டு மயங்க வேண்டாம். ரப்பர்க் குழாய்களின் மீதும் எண்ணெய்க் கசிவின் மீதும் சாயம் பூசப்பட்டிருந்தால், அச்சாயம் அழகுக்காகப் பூசப்பட்டதன்று. பின் டயர்களின் விலையைத் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள். தேய்ந்த டயருடன் வரும் மலிவான வண்டி, டயர் போட்ட பின் மலிவாக இராது.

இங்கே ஒரு நற்செய்தியும் உண்டு. பெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு இன்று பெரும்பாலான மார்க்குகளுக்கும் பொதுவாகிவிட்டது. அளவு வகை ஒத்திருந்தால், ஒரு மார்க்குக்கு வாங்கிய கருவியை மற்றொரு மார்க்கிலும் பூட்டலாம். ஆகவே, "நம்மிடம் இருக்கும் கருவிக்காகவே அதே மார்க்கைத்தான் வாங்க வேண்டும்" என்று கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

வாங்கும் விலையைவிட, வண்டி நின்றுபோகும் நாள்களின் விலை பெரிது. அறுத்த செம்பனைக் குலைகள் காத்திருக்க மாட்டா. நேரம் செல்லச் செல்ல எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் குறையும் என்பதால், 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்ப்பது நல்லது என்பர். ஒரு சிறு உறுப்புக்காகப் பத்து நாள் காத்திருந்தால், குத்தகை வேறொருவர் கைக்குப் போய்விடும். நன்கு அறிமுகமான மார்க்கின் உண்மையான பயன் இதுவே. அது பழுதாகாத வண்டி அன்று. பழுதானால் விரைவில் எழுந்து நிற்கும் வண்டி.

உயிர்ப் பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். மேட்டுப் பாங்கான தோட்டங்களில் டிராக்டர் கவிழ்வது கொடிய விபத்து. சுவீடன் நாடு 1959-லேயே, புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும் என்று விதித்தது. அதன்பின் அங்கு கவிழ்ந்து இறந்தோர் தொகை பெரிதும் குறைந்தது. பழைய வண்டிகள் பலவற்றில் இச்சட்டம் இராது. அதைப் பொருத்தும் செலவையும் வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வண்டிக்கு மறுவிலை உண்டு, உயிருக்கு இல்லை.

வாங்கிய பின் மறுவிலையைக் காப்பது நம் கையில் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எண்ணெய் மாற்றிய தேதி, மணிக் கணக்கு, போட்ட உறுப்பு, கொடுத்த பணம் ஆகியவற்றை எழுதுங்கள். ரசீதுகளை அதிலேயே ஒட்டுங்கள். நாளை வாங்க வருபவருக்கு அப்புத்தகம் ஆயிரம் வாக்குறுதிகளுக்குச் சமம். நாள்தோறும் கிரீஸ் இடுதல், காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்தல், மழையில் நனையாமல் கொட்டகையில் நிறுத்துதல் ஆகியவை செலவு குறைந்தவை, விலையை உயர்த்துபவை.

பலர் கூடி வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். யார் எவ்வளவு போட்டார், பழுதுச் செலவை யார் ஏற்பது, ஒருவர் விலகினால் அவர் பங்கை எவ்வாறு கணக்கிடுவது என்பதை, பணம் கைமாறும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். வண்டியின் மீது பழைய கடன் பாக்கி இல்லை என்பதற்குக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதத்தைக் கேளுங்கள். பொதுச் சாலையில் ஓட்டப் போவதாயின், பதிவுப் பத்திரங்களைச் சாலைப் போக்குவரத்துத் துறையில் சரிபாருங்கள். தகட்டிலுள்ள எண்ணும் பத்திரத்திலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெருமக்களே! மார்க்கின் மீது பற்று வைப்பது குற்றமன்று. பலர் பட்டறிந்த அனுபவம் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த அனுபவம் ஒரு வகையைப் பற்றியது. நம் முன் நிற்கும் ஒரு வண்டியைப் பற்றியதன்று. பெயர், எதைப் பார்க்கலாம் என்று நமக்குச் சொல்லும். எதை வாங்கலாம் என்று சொல்ல வேண்டியது நம் கண்ணும், நம்பத்தக்க மெக்கானிக்கின் கையும், உதிரிப் பாகக் கடைக்காரரின் விடையும், நாம் போடும் கணக்கும் ஆகும். இந்நான்கும் ஒத்துப் போனால் அஞ்சாமல் வாங்குங்கள். ஒன்று மறுத்தாலும் பணத்தை மடியிலேயே வைத்திருங்கள். இன்னொரு வண்டி வரும். செலவழிந்த சேமநிதி மீண்டும் வராது.

உங்கள் முயற்சிகள் யாவும் வெற்றி பெறுக!